காளான் நாளில் ஒரு வெள்ளைச் சட்டை

வெர்லோ நகரக் கண்காணிப்புக் குழுவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. தினமும் காலையில் கூடினார்கள். கூடியதும் சிவப்புக் குல்லாயைப் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்டதும் குடியரசு வாழ்க என்றார்கள். பன்னிரண்டு உறுப்பினர்களில் ஒன்பது பேர் அத்தோடு வயலுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றாலும், மிச்சமிருந்த மூன்று பேரும் மத்தியானம்வரை உட்கார்ந்து கண்காணித்தார்கள். இருந்த ஒரே சங்கடம், குழு அமைந்து ஏழு மாதமாகியும் பிடிப்பதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஊர் அப்படி. பிரபு ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் புரட்சிக்கு ஆறு வருடம் முன்பே அஜீரணத்தில் காலமாகிவிட்டார். பாதிரியார் ஒருவர் இருந்தார். அரசாங்கம் கேட்ட சத்தியங்களை எல்லாம் கேட்ட அன்றைக்கே செய்து கொடுத்து, கடைசியில் அங்கியையும் கழற்றிப் போட்டு, சமையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு முட்டைக்கோஸ் பயிரிட்டுக்கொண்டிருந்தார். தானியம் பதுக்குகிறவனைப் பிடிக்கலாம் என்றால், பதுக்குகிற அளவுக்கு ஊரில் தானியம் இல்லை.

மாவட்டத் தலைமையிடத்திலிருந்து மாதம் தவறாமல் கடிதம் வந்தது. முதல் கடிதம் விசாரித்தது. இரண்டாவது கடிதம் நினைவூட்டியது. மூன்றாவது கடிதத்தில் இப்படி எழுதியிருந்தது: “பக்கத்து ஊரான மோர்வில் இதுவரை பதினோரு சந்தேக நபர்களை அனுப்பியிருக்கிறது. உங்கள் ஊரில் சந்தேகப்படும்படி ஒருவர்கூட இல்லை என்பது எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது.”

இதைப் படித்த பிறகுதான் குழுவின் தலைவர் புரூட்டஸ் கர்னியே சட்டையைக் கண்டுபிடித்தார். அவருடைய பெற்றோர் வைத்த பெயர் ஒனொரே. தொழில் பொய்முடி செய்வது. புரட்சி வந்து பொய்முடி வைப்பது குற்றமானதும் கடையை மூடிவிட்டு, ரோமாபுரிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு பொதுவாழ்வுக்கு வந்தவர். ஆட்களைக் கழுத்துக்கு மேலே மட்டும் பார்த்துப் பழகியவர் முதல்முறையாகக் கொஞ்சம் கீழே பார்த்தார்.

அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையை ஒழித்துவிட்டிருந்தது. வாரம் என்பதே கிடையாது. பத்து நாளைக்கு ஒருமுறை, பத்தாம் நாளில்தான் ஓய்வு. புனிதர்களின் திருநாட்களுக்குப் பதிலாக ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காயோ பூவோ பிராணியோ மண்வெட்டியோ பெயராக வந்தது. அப்படியிருக்க, பழைய ஞாயிற்றுக்கிழமையில் ஒருவன் பழைய வழக்கப்படி துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தால் அவன் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. “மனசு கண்ணுக்குத் தெரியாது. சட்டை தெரியும்” என்றார் தலைவர். செயலாளர் லம்பேர், முன்னாள் பள்ளி வாத்தியார், அதை அழகான கையெழுத்தில் தீர்மானமாக எழுதினார்.

புதிய கணக்கில் பூ மாதம் எட்டாம் தேதி, காளான் நாளன்று, கூரை வேயும் பாஸ்தியேன் ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். அது பழைய கணக்கில் ஞாயிற்றுக்கிழமை.

அவனுடைய மனைவி மத்துரீன் அந்த ஊர்ச் சலவைக்காரி. செய்தி வந்தபோது முழங்கைவரை சாம்பல்நீரில் இருந்தாள். கையைத் துடைக்கக்கூட நிற்காமல் குழு கூடுகிற இடத்துக்கு ஓடினாள். அது முன்பு தேவாலயத்தில் பூசைப் பாத்திரங்கள் வைத்திருந்த அறை. மூலையில் நின்ற பெண் புனிதர் சிலைக்குச் சிவப்புக் குல்லாய் மாட்டி, கையில் ஈட்டி கொடுத்து, சுதந்திர தேவியாக்கியிருந்தார்கள்.

“ஐயா, என் வீட்டுக்காரரை…”

“ஐயாங்கறது ஒழிஞ்சாச்சு” என்றார் தலைவர். “குடிமகன்னு கூப்பிடு. இங்க எல்லாரும் சமம். ‘நீ’ன்னுதான் பேசணும்.”

“சரிங்கய்யா.”

செயலாளர் எழுதுகோலை எடுத்தார். தலைவர் பெருந்தன்மையாகக் கையமர்த்தினார்.

“பாருமா. உன் புருஷனை நாங்க கைது பண்ணலை. சட்டையைத்தான் கைது பண்ணோம். அவன் அதுக்குள்ள இருந்தான்.”

“அப்போ சட்டையை நீங்க வெச்சுக்கிட்டு அவரை அனுப்பிடுங்களேன்.”

“கழட்டினா ஆதாரம் கலைஞ்சு போயிடுமே” என்றார் செயலாளர்.

“அவர் வேலைச் சட்டை சுண்ணாம்புத் தொட்டியில விழுந்துடுச்சுங்க. அதனாலதான் வெள்ளையைப் போட்டாரு.”

“விழுந்துச்சா, விழ வெச்சானா?”

“கூரையிலேர்ந்து அவரேதாங்க விழுந்தாரு. சட்டை அவர் மேல இருந்துச்சு.”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலைவரைப் பார்த்தார். மூன்றாவது உறுப்பினர் தூங்கிக்கொண்டிருந்ததால் யாரையும் பார்க்கவில்லை.

“வாரத்துல… பத்து நாள்ல எத்தனையோ நாள் இருக்க, அந்த ஒரு நாள் பார்த்து ஏன் விழணும்? இதுக்குப் பின்னால யாரோ இருக்காங்க. அந்த வெள்ளைச் சட்டையைத் துவைச்சது யாரு?”

“நான்தாங்க.”

பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே போய் நிற்கும் என்பது மத்துரீனுக்கு உறைத்தது. தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கூட ஒரு கண்ணைத் திறந்தார்.

“ஊர்ல எத்தனை வீட்டுத் துணி துவைக்கிறே?”

“எல்லா வீட்டுதும். உங்களுதும்.”

தலைவர் எழுந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

“குடிமகளே! குடியரசுக்கு ஆயிரம் கண்ணு. ஆனா அந்தக் கண்ணெல்லாம் வெளியில இருந்து பாக்குது. கோட்டுக்கு மேல பாக்குது. கோட்டுக்குக் கீழ பாக்குறவ நீ ஒருத்திதான். எந்த வீட்டுச் சட்டை எப்போ அழுக்காச்சு, எப்போ வெளுத்துப் போச்சு, எவன் ஞாயித்துக்கிழமைக்குன்னு அவசரப்படுத்தி வாங்கிட்டுப் போனான், எல்லாம் உனக்குத் தெரியும். இன்னியிலேர்ந்து நீ சலவைக் கண்காணிப்பாளர். தினம் காலையில வந்து சொல்லணும். ஒழுங்கா சொன்னா உன் புருஷனுக்கு நற்குடிமைச் சான்றிதழ் குடுக்கிறதைப் பத்தி யோசிக்கிறோம். இல்லேன்னா முப்பதாம் தேதி மாவட்டத்துலேர்ந்து வண்டி வரும். ஏத்தி விட்டுடுவோம்.”

மாவட்டத் தலைமையிடத்து நீதிமன்றத்தில் வழக்குகள் நீண்ட நேரம் நடப்பதில்லை, போனவர்கள் தலையோடு திரும்புவதும் இல்லை என்று பெயர். மத்துரீன் நியமனப் பத்திரத்தில் சிலுவைக் குறி போடக் குனிந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் போடுவதுதான். செயலாளர் பாய்ந்து கையைப் பிடித்தார். சிலுவை ஒழிந்துவிட்டது. வட்டம் போடச் சொன்னார். போட்டாள்.

கன்னிமடத்தைச் சிறையாக்கியிருந்தார்கள். மறுநாள் ரொட்டி கொண்டுபோனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் பாஸ்தியேன் அதே வெள்ளைச் சட்டையோடு நின்றான். ஆதாரம் என்பதால் அதில் அழுக்குப் படக்கூடாது என்று உத்தரவு. வைக்கோலில் சாயவும் விடவில்லை, நின்றுகொண்டே தூங்கியிருந்தான்.

“அன்னிக்கு ஞாயித்துக்கிழமையாமே, மத்துரீன்?”

“உனக்குத் தெரியாதாய்யா?”

“சத்தியமாத் தெரியாது. ஞாயிறு கிடையாது, இனிமே பத்து நாளைக்கு ஒண்ணுதான்னு மைதானத்துல தமுக்கடிச்சுச் சொன்னாங்கல்ல? சரி, போய்த் தொலையுதுன்னு எண்ணுறதையே விட்டுட்டேன். சொன்னதை நம்பினேன்டி. அதுக்கா உள்ள போட்டாங்க?”

அவள் கம்பிக்குள் கையை விட்டாள். சட்டைக் கை மடிப்பில் ரொட்டித் துகள் விழாமல் தட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, அதாவது பட்டுப்புழு நாளன்று, மைதானத்தில் முதல் சட்டை ஆய்வு நடந்தது. வெள்ளை ஆபத்து என்று ஊருக்குள் தெரிந்துவிட்டிருந்தபடியால் ஒருவர் விடாமல் அழுக்கோடு வந்து நின்றார்கள். தலைவர் ஒவ்வொருவராக நெருங்கி மோந்து பார்த்தார். சேறு நல்ல கறை, நிலத்தில் உழைத்தவனுடையது. அடுப்புக்கரி நல்ல கறை. திராட்சை மதுக் கறை சந்தேகத்துக்குரியது. ஓய்வாக உட்கார்ந்தால்தான் மது சிந்தும். செருப்புத் தைக்கிறவனின் கறையைப் பார்த்துவிட்டுத் தலைவர் நின்றார்.

“இது எப்போ பட்டது?”

“இன்னிக்குக் காலையிலதான், குடிமகனே.”

“மத்துரீன், நீ சொல்லு.”

மத்துரீன் ஓரத்தைத் திருப்பி, எந்த வீட்டுத் துணி என்று தெரிய அவளே போட்டிருந்த சிவப்பு நூல் குறியைப் பார்த்தாள். கறை வாத்துக் கொழுப்பு. போன குளிர்காலத்திலிருந்து என்ன துவைத்தும் போகாதது; அதாவது இது துவைத்த சட்டை. செருப்புத் தைக்கிறவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னிக்குப் பட்டதுதாங்க” என்றாள்.

ரொட்டிக்காரர்தான் மாட்டிக்கொண்டார். விடியலிலிருந்து மாவு பிசைந்தவர், அப்படியே வந்திருந்தார். மேலெல்லாம் மாவு.

“இவ்வளவு வெள்ளையா இருக்கியே” என்றார் தலைவர்.

“மாவுங்க அது. உழைப்பு.”

“உழைப்பு ஏன் வெள்ளையா இருக்கு? பாக்குறவன் என்ன நினைப்பான்? நீ மாவுக்குக் கீழ ஒளிஞ்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை கொண்டாடுறேன்னு நினைக்க மாட்டானா?”

எச்சரிக்கையோடு விட்டார்கள். அதற்கடுத்த ஞாயிற்றில் ரொட்டிக்காரர் மாவோடு அடுப்புக்கரியைக் கலந்து பூசிக்கொண்டு வேலை செய்தார். ஊர் முழுக்கச் சாம்பல் நிற ரொட்டி தின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவனிடம், உனக்கு ஏன் வெள்ளை ரொட்டி வேண்டும் என்று கேட்பார்கள்.

இடையில் பத்தாம் நாள் வந்தது. அன்றைக்குச் சட்டம் நேர்மாறு: அழுக்கோடு வருகிறவன் குடியரசின் திருநாளை மதிக்காதவன். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இருப்பது இரண்டே சட்டை. ஒன்றில் வேலை செய்து, ஒன்றில் அழுக்குப் பூசி, இரண்டையும் ஒரே நேரத்தில் மத்துரீனிடம் கொண்டுவந்து போட்டார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் காலையில் ஊர் முழுக்க ஈரச் சட்டையோடு முன்னாள் தேவாலயத்தில் நின்று மனித உரிமைப் பிரகடனம் வாசிக்கப்படுவதைக் கேட்டது. மூன்றாவது உரிமையிலேயே தும்மல் ஆரம்பித்துவிட்டது. ஏழாவது உரிமை யார் காதிலும் விழவில்லை. உரிமைகளின்போது தும்மியவர்கள் என்று செயலாளர் தனியாக ஒரு பட்டியல் எடுத்தார். முதல் பெயர் தலைவருடையதாக இருந்தபடியால் அந்தப் பட்டியல் அப்புறம் காணாமல் போனது. செயலாளர் தலைவரைப் பார்க்கும் பார்வையும் அன்றிலிருந்து கொஞ்சம் மாறியது.

மத்துரீன் தினமும் காலையில் போனாள். தினமும் எதையாவது சொன்னாள். யாருக்கும் ஊறு வராத சேதியாகப் பார்த்துப் பொறுக்க வேண்டியிருந்தது. பிரபு வீட்டுப் பழைய மேசை விரிப்பில் பூச்சி அரித்திருக்கிறது என்றாள். முட்டைக்கோஸ் பாதிரியாரின் மனைவி காலுறைகளை இப்போது தானே துவைத்துக்கொள்கிறாள் என்றாள். “ஏன் தானே துவைக்கிறா? எதை மறைக்கிறா?” என்றார் தலைவர். அன்றிலிருந்து காலுறையைப் பற்றியும் வாயைத் திறப்பதில்லை.

ஆற்றங்கரையில் அவள் போய் மண்டியிட்டதும், அவளுக்கு உதவியாகத் துவைக்கிற பெண்களின் பேச்சு நின்றுவிடும். கட்டை துணியில் அடிபடும் சத்தம் மட்டும் கேட்கும். பன்னிரண்டு வருடமாக அவள் பக்கத்துக் கல்லில் துவைக்கிற தோமசீன் ஒருத்திதான் வாயை அடக்கத் தெரியாதவள்.

“வந்துட்டாடி குடியரசோட மூக்கு! மூடுங்கடி எல்லாத்தையும்.”

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சிரித்தது யார் என்று மத்துரீன் பார்த்துவிடுவாளோ என்று உடனே நிறுத்தினார்கள்.

“உன் புருஷன் சட்டையைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, தோமசீன்.”

“சொல்ல என்ன இருக்கு? அந்தாளுக்கு ஒண்ணுதானே சட்டை. ஞாயிறும் அதுதான், திங்களும் அதுதான். குடியரசு வர்றதுக்கு முன்னாடியே எங்க வீட்ல சமத்துவம்தான்.” தோமசீன் துணியை முறுக்கிப் பிழிந்தாள். “நாளை மறுநாள் மறுபடியும் பூசணும். இந்தத் தடவை மாட்டுச் சாணின்னு முடிவு பண்ணியிருக்கோம். மோந்து பாக்குறவனுக்குக் கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்.”

“நாளை மறுநாள்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“ஏன், ஏழு ஏழா எண்ணத் தெரியாதா எனக்கு? முன்னெல்லாம் மணி அடிக்கும், எழுந்து போவேன். பாதி ஞாயிறு போதையில தூங்கியும் போயிருவேன். இப்போ அப்படி முடியுமா? எண்ணித் தொலைக்க வேண்டியிருக்கே. தப்பா எண்ணி அன்னிக்கு வெள்ளையைப் போட்டுட்டா? இந்தச் சட்டை ஆய்வு வந்த நாளா ஊர்ல ஒருத்தர் ஒரு ஞாயித்துக்கிழமையை மறந்ததில்லைடி. சின்னப் பிள்ளைகூட விரல் விட்டு எண்ணுது.”

மத்துரீனின் கட்டை பாதியில் நின்றது.

“என்னடி?” என்றாள் தோமசீன்.

“ஒண்ணுமில்லை.”

ஊரில் ஒருவன் மட்டும் எண்ணவில்லை. அவனைத்தான் பிடித்து நிற்க வைத்திருக்கிறார்கள். அவள் அந்தத் துணியை அன்று தேவைக்கு மேலே அடித்தாள்.

இதைக் குழுவிடம் போய்ச் சொல்வதா என்று மறுநாள் முழுக்க யோசித்தாள். தலைவரிடம் எதைச் சொன்னாலும் அது சொன்னவள் தலையிலேயே வந்து விடிகிறது. பேசாமல் இருந்தால் முப்பதாம் தேதி வண்டி வந்துவிடும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. ஒருநாள் முன்னதாக, இருபத்தொன்பதாம் தேதி, கடுகு நாளன்று. பழைய கணக்கில் அது ஞாயிற்றுக்கிழமை.

மாவட்ட ஆணையர் ருசெல் வண்டியிலிருந்து இறங்கியபோது பார்த்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் போட்டிருந்தது பளிச்சென்று வெள்ளைச் சட்டை. மடிப்பு கலையாத கழுத்துப் பட்டை வேறு. நேரே குழு அறைக்குப் போனார். அங்கே அன்றைய ஆய்வுக்குத் தயாராக, மூன்று உறுப்பினர்களும் கழுத்துவரை சேற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். காலைச் சேதி சொல்ல வந்திருந்த மத்துரீன் கதவோரம் நின்றாள்.

“இது குழுவா, பன்றிக் கொட்டிலா?” என்றார் ஆணையர்.

“உழைப்பு, குடிமகனே” என்றார் தலைவர்.

“நீ என்ன வேலை பாக்குறே?”

“தலைவர் வேலை.”

“அதுல இவ்வளவு சேறு எங்கேர்ந்து வந்தது?”

தலைவரின் கண் ஆணையரின் வெள்ளைச் சட்டைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. இவர் ஞாயிற்றுக்கிழமை கொண்டாடுகிற ஆளா, அல்லது இன்றைக்கு ஞாயிறு என்று தெரியாத ஆளா? தெரியாதவர் என்றால் தெரிவிக்கலாமா? தெரிவிக்கிறவன் யார் ஆகிறான்? செயலாளர் மைக்கூட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வழக்கைப் படி” என்றார் ஆணையர்.

செயலாளர் படித்தார்: “கூரை வேயும் பாஸ்தியேன். பூ மாதம் எட்டாம் தேதி, காளான் நாளன்று, வெள்ளைச் சட்டை அணிந்து பொதுவிடத்தில் காணப்பட்டார்.”

ஆணையர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “காளான் நாள்ல வெள்ளைச் சட்டை போடக்கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது?”

“காளானுக்காக இல்லை…” என்றார் தலைவர். “அன்னிக்கு வேற ஒரு நாளும் இருந்துச்சு.”

“ஒரே நாள்ல ரெண்டு நாளா?”

“பழைய கணக்குல அது… வந்து… ஞாயிறு” என்றார் செயலாளர், மைக்கூட்டிடம்.

“பழைய கணக்கா?” ஆணையரின் குரல் மிகவும் இனிமையாகிவிட்டது. “பழைய கணக்கு இங்க யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரமாக நாள் தவறாமல் அழுக்குப் பூசிய மூன்று பேருக்கும் சுத்தமாகத் தெரியவில்லை.

வெளியில் வண்டியில் பூட்டிய குதிரை கனைப்பது மத்துரீனுக்குக் கேட்டது. முன்னால் வந்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாதுங்கய்யா. தெரிஞ்சிருந்தா அழுக்குச் சட்டை போட்டிருப்பாரு. ஊரே இந்த மாசம் பூராவும் அப்படித்தானே பண்ணுது. தெரியாததாலதான் வெள்ளையைப் போட்டாரு. ஞாயித்துக்கிழமையை ஒழிச்சாச்சுன்னு நீங்க சொன்னதை அவர் நிஜம்னு நினைச்சுட்டாரு. வேற தப்பு ஒண்ணும் பண்ணலை.”

புத்திசாலித்தனமான ஒரு மகிழ்ச்சி ஆணையரின் முகத்தில் பரவியது. மத்துரீனுக்கு அது பிடிக்கவில்லை.

“அப்படீன்னா ஞாயிறு ஞாயிறா அழுக்குச் சட்டை போட்டவன்தான் அந்த நாளை எண்ணிக்கிட்டிருந்தவன். அவன்தான் அதை மறக்காதவன். சரிதானே? நீதானே ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறே? யார் யார்னு சொல்லு. ஒருத்தர் விடாம.”

செருப்புத் தைக்கிறவனின் வாத்துக் கொழுப்பு, ரொட்டிக்காரரின் கரி, தோமசீன் வீட்டு மாட்டுச் சாணி எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்தன. பாஸ்தியேனை வெளியே கொண்டுவர அவள் திறந்த கதவு வழியாக ஊரே உள்ளே போகப் பார்த்தது.

“எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றாள். “சட்டை அழுக்குன்னு தெரியும். அன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு எனக்குத் தெரியாதே. இன்னிக்குத்தான் அந்த நாள்னு குழுவிலேர்ந்து ஆள் விட்டுச் சொல்வாங்க, நான் வந்து நிப்பேன். எது ஞாயிறுங்கறது இவங்களுக்குத்தான் தெரியும்.”

“எப்படித் தெரியும்?” என்று ஆணையர் தலைவரின் பக்கம் திரும்பினார்.

தெரியாது என்று தலைவர் தலையை ஆட்டினார். செயலாளர் மைக்கூட்டை மூடிவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னார்: “மேசை இழுப்பறையில ஒரு பழைய பஞ்சாங்கம் இருக்கு. சாவி தலைவர்கிட்டதான்.”

இழுப்பறையைத் திறந்தார்கள். புனிதர்களின் திருநாட்களோடு அச்சான பஞ்சாங்கம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் நேராக மையால் அழுத்தமாக ஒரு கோடு.

புரூட்டஸ் கர்னியே எழுந்து நின்றார். சேறு காய்ந்து உதிர்ந்தது. வாழ்க்கையில் அவர் பேசிய பேச்சுகளிலேயே அதுதான் சிறந்தது என்று பின்னால் செயலாளரே ஒப்புக்கொண்டார்.

“குடிமகன் ஆணையரே! ஞாயித்துக்கிழமையை ஒழிக்கணும்னா அது எப்போ வருதுன்னு யாராவது ஒருத்தர் ஞாபகம் வெச்சிருக்கணும். அந்தப் பாரத்தை இந்த ஊருக்காக நான் சுமந்தேன்! என் பெண்டாட்டி மறந்திருக்கலாம், முட்டைக்கோஸ் பாதிரி மறந்திருக்கலாம். நான் மறக்கலை! காலையில கண்ணு முழிச்சதும் எனக்கு வர்ற முதல் யோசனை, ஞாயித்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குங்கறதுதான். ராஜா காலத்துலகூட நான் இவ்வளவு ஒழுங்கா இருந்ததில்லை. இந்த ஏழு மாசத்துல நான் ஒரு ஞாயித்துக்கிழமையைக்கூடத் தவற விட்டதில்லை!”

“எழுதிக்கோ” என்றார் ஆணையர் செயலாளரிடம். “ஒரு ஞாயித்துக்கிழமையைக்கூட.”

செயலாளர் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

“பாரு, புரூட்டஸ்” என்று ஆணையர் அவர் தோளில் கை வைக்கப் போய், சேற்றைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். “உன்மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்லை. வெர்லோவுக்கு ஓர் ஆள்னு சொல்லி வண்டி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். ஓர் ஆளோட திரும்பிப் போகணும். அது யாருங்கறதெல்லாம் விவரம். விவரத்தை நீதிமன்றம் பாத்துக்கும்.”

வண்டி அப்போதே புறப்பட்டது. ஏறும்போது முன்னாள் தலைவர் கூட்டத்தில் மத்துரீனைத் தேடினார்.

“மத்துரீன், என் சட்டை ரெண்டு உன்கிட்ட இருக்கே.”

“வெளுத்து வெச்சிருக்கேங்க.”

“வெள்ளையை எடுத்துட்டு வா. நாளைக்குப் பத்தாம் நாள். அங்க அழுக்கோட போய் நின்னா என்ன நினைப்பாங்க?”

அவர் குரலில் முதல்முறையாக, அவள் முன்பு அறிந்த பொய்முடிக்கார ஒனொரே தெரிந்தான். அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். அதற்குள் வண்டி பாலம் தாண்டிவிட்டது. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளிடமிருந்து நகர்ந்துகொண்டார்கள். தலைவரையே வண்டியேற்றியவள்.

காலைவரை செயலாளராக இருந்த புதிய தலைவர் லம்பேர் தாமதம் செய்யவில்லை. சேற்றைக் கழுவிவிட்டு வந்து, மத்தியானத்துக்குள் பாஸ்தியேனுக்கு நற்குடிமைச் சான்றிதழ் எழுதினார். எழுத்து மணிமணியாக இருந்தது. “ஞாயிற்றுக்கிழமையை உண்மையாகவே, மனமார மறந்த, இந்நகரின் ஒரே குடிமகன்” என்று தொடங்கியது. சாட்சிப் பொருளான சட்டை மட்டும் அரசாங்கத்திடம் இருக்கும். ஒரு கோணித்துணியைப் போர்த்திக்கொண்டு நின்ற பாஸ்தியேனுக்குச் சான்றிதழின் கீழ்ப்பகுதியையும் தலைவர் தானே படித்துக் காட்டினார்.

“சான்றிதழ் பெற்றவர் தொடர்ந்து மறந்த நிலையிலேயே இருக்க வேண்டும். எப்போதாவது நினைவு வந்தால் உடனடியாகக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்கு நினைவூட்டியவர் யாராவது இருந்தால், வீட்டாராக இருந்தாலும், அவர் பெயரையும் தெரிவிக்க வேண்டும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது, குடிமகனே” என்றான் பாஸ்தியேன்.

“குடிமகள் மத்துரீனோட பதவியும் தொடரும்” என்றார் தலைவர். “நாளையிலேர்ந்து எவன் எண்ணுறான், எவன் எண்ணலைன்னு பாத்துச் சொல்லணும். சட்டையை விடு, விரலைப் பாரு. வீட்லேர்ந்தே ஆரம்பிக்கலாம்.”

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவள் அடுப்பைக் கிளறி, வெங்காயத்தாளும் பன்றிக் கொழுப்பும் போட்ட சூப்பைச் சூடு பண்ணி, கருப்பு ரொட்டியைப் பிட்டு அதில் போட்டு, அவன் முன்னால் வைத்தாள். இருபத்தொரு நாள் நின்ற கால்களை நீட்டி உட்கார்ந்து அவன் ஆவலாகச் சாப்பிட்டான். தாடி வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழலாம் போல இருந்தது.

“மத்துரீன்.”

“என்னய்யா?”

“இன்னிக்கு என்ன கிழமை?”

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து வெளியே பார்த்தாள். யாருமில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கடுகு நாள்” என்றாள்.

“அது தெரியும். கிழமையைக் கேட்டேன்.”

பதினோரு வருடமாகப் பார்க்கிற முகம். உள்ளே அடைபட்டு நாள் குழம்பிப் போய்க் கேட்கிறானா, கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களா என்று அந்த முகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவன் கிண்ணத்திலிருந்து நிமிர்ந்து, பதிலுக்காக அவள் வாயைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை கீழே இறங்கி, மேசைமேல் இருந்த அவள் கையில், விரல்களில் போய் நின்றது.

மத்துரீன் விரல்களை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

“சூப் ஆறுது” என்றாள். “சாப்பிடு.”